செருக்கும் உருமாற்றமும்: கிரேக்கத் தொன்மங்களை எங்கே தொடங்கி எப்படிப் படிப்பது

அராக்னே நெசவில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்றாள். அதீனா தேவி அவளைச் சிலந்தியாக்கினாள். நியோபி பிள்ளைகளைச் சொல்லிப் பெருமையடித்தாள், கல்லானாள். சுருக்கப் பதிப்புகளில் படித்தவர்களுக்கு இந்த இரண்டு வரிகள்தான் நினைவில் இருக்கும். மூலத்தைப் பிரித்தால் இரண்டுமே பாதிதான் சரி. அராக்னேயின் உருவம் மாறுவதற்கு முன்பே அவளுக்கான தண்டனை முடிந்துவிடுகிறது. நியோபியைக் கல்லாக்கியது எந்தத் தெய்வம் என்று மூல நூலை எழுதிய ஓவிட் சொல்வதே இல்லை.

அதனால் புதிதாக வருபவர்களுக்கு முதல் யோசனை: "இந்தக் கதையின் நீதி என்ன?" என்ற கேள்வியைக் கொஞ்சநாள் ஒதுக்கி வையுங்கள். யார் என்ன பேசினார், யார் காதில் விழுந்தது, உடம்பில் எது முதலில் மாறியது, மாறிய பிறகும் எது மிஞ்சியது என்று வரி வரியாகப் பார்த்துப் பழகினால் போதும்.

எதைக் கையில் எடுப்பது

ஓவிடின் 'மெட்டமார்ஃபசஸ்'. கிரேக்கக் கதை படிக்க ஒரு ரோமானியக் கவிஞரா என்று தோன்றும். வேறு வழியில்லை. உருமாற்றக் கதைகளைத் தொகுத்த கிரேக்கர்களில் முக்கியமானவரான நிக்காந்தரின் நூல் தொலைந்துவிட்டது. அதன் கதைகள் சிலவற்றை ஆந்தோனினஸ் லிபராலிஸ் என்பவர் உரைநடையில் சுருக்கி எழுதிவைத்தார். அவருடைய 41 கதைகள் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதியால் தப்பின. ஓவிட் இந்த மரபையெல்லாம் உள்வாங்கி, ஏறக்குறைய 12,000 வரிகளில், 15 காண்டங்களாக, சுமார் 250 கதைகளைக் கோத்துத் தந்தார். நூல் கி.பி. 8-ஐ ஒட்டி முடிந்தது. அதே ஆண்டு பேரரசர் அகஸ்டஸ் அவரைக் கருங்கடல் கரைக்கு நாடுகடத்தினார்.

முதல் காண்டத்திலிருந்து வரிசையாகப் படிக்க ஆரம்பித்தால் பலரும் இரண்டாவது காண்டத்தோடு நின்றுவிடுகிறார்கள். செருக்குக் கதைகள்தான் தேவை என்றால் நேராக 6-ஆம் காண்டத்தைத் திறந்து முதல் 400 வரிகளைப் படியுங்கள். அராக்னே (1–145), நியோபி (146–312), லிசியா நாட்டு விவசாயிகள் (313–381), மார்சியஸ் (382–400) என்று நான்கு கதைகள் அடுத்தடுத்து வரும். ஒரு மாலைப்பொழுது போதும்.

பதிப்பு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: ஓரத்தில் மூல வரி எண் போட்டிருக்க வேண்டும். எண் இல்லாத பதிப்பில் படித்தால், யாராவது '6.148' என்று குறிப்பிடும்போது தேடிக் களைத்துப்போவீர்கள். முதல் எண் காண்டம், இரண்டாவது வரி. ஹோமருக்கும் இதே முறைதான். அப்பல்லோடோரஸ் பெயரில் வழங்கும் உரைநடைத் தொகுப்புக்கு மட்டும் மூன்று எண்கள் வரும்: நூல், அத்தியாயம், பத்தி.

பெயர்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

ஓவிட் லத்தீன் பெயர்களைப் புழங்குகிறார். இதற்கு ஓர் அட்டையில் எட்டுப் பெயர்களை எழுதிப் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டால் போதும். ஜூபிட்டர் என்றால் ஜீயஸ், ஜூனோ என்றால் ஹீரா, மினர்வா என்றால் அதீனா, டயானா என்றால் ஆர்ட்டெமிஸ், லட்டோனா என்றால் லீட்டோ, நெப்டியூன் என்றால் பொசைடன், பாக்கஸ் என்றால் டயோனிசஸ். அப்பல்லோ இரண்டு மொழியிலும் அப்பல்லோதான். ஃபீபஸ் என்ற பட்டப்பெயரிலும் வருவார். அதீனாவுக்கும் பல்லாஸ் என்ற பெயர் உண்டு. மினர்வாவும் பல்லாஸும் இரண்டு தேவியர் என்று நினைத்துக் குழம்புவது புதியவர்களிடம் ரொம்பச் சாதாரணம்.

ஹூப்ரிஸ் என்ற சொல்

இந்தச் சொல்லைத் தமிழில் செருக்கு, ஆணவம், இறுமாப்பு, அகந்தை என்று விதவிதமாக எழுதுகிறோம். எதுவும் முழுதாகப் பொருந்தாது. நம் சொற்களெல்லாம் மனத்துக்குள் இருக்கும் ஒரு நிலையைக் குறிப்பவை. கிரேக்கருக்கு ஹூப்ரிஸ் என்பது வெளியே செய்யும் காரியம். ஏதென்ஸ் சட்டத்தில் அது ஒரு குற்றம். ஒருவன் மற்றவனுக்கு ஹூப்ரிஸ் செய்தான் என்று வழக்குப் போடலாம். அரிஸ்டாட்டில் 'ரெட்டரிக்' நூலின் இரண்டாம் பகுதியில் இதற்கு வரையறை தருகிறார்: எதிராளிக்கு அவமானம் உண்டாகும்படி ஒன்றைச் செய்வது அல்லது பேசுவது, அதனால் தனக்கு ஆதாயம் எதுவும் வேண்டாம், அவமானப்படுத்தும் இன்பமே போதும். நம் பேச்சில் 'திமிர்' என்பது இதற்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது. 'திமிரெடுத்து ஆடுகிறான்' என்னும்போது ஒரு செயலும், அந்தச் செயலால் சிறுமைப்படும் ஓர் ஆளும் அதில் வந்துவிடுகிறார்கள்.

படிக்கும்போது இதன் பயன் நேரடியானது. ஒரு பாத்திரம் கர்வமாக இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டால் ஒன்றும் விளங்காது. அந்தக் கர்வம் யாரை, எத்தனை பேர் முன்னிலையில், எந்தச் சொல்லால் சிறுமைப்படுத்தியது என்று குறியுங்கள். நியோபி கதையில் இது தெளிவாகத் தெரியும்.

முதல் பயிற்சி: அராக்னே

ஒரு தாளை நான்கு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பேச்சு, கேட்டவர், தண்டனை, மிச்சம். அராக்னே கதையைப் படித்துக்கொண்டே நிரப்புங்கள்.

பேச்சு. அராக்னே ராஜகுமாரி இல்லை. லிடியா நாட்டில் ஹைபேப்பா என்ற சின்ன ஊரில் இருக்கிறாள், தகப்பன் இட்மோன் கம்பளிக்குச் சாயம் தோய்க்கிறவன், தாய் இறந்துவிட்டாள். அவள் வேலையைப் பார்த்தவர்கள் எல்லாரும் 'இவளுக்கு அதீனாதான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்' என்கிறார்கள். அவள் அதை மறுக்கிறாள்: 'என்னோடு போட்டிக்கு வரட்டும், தோற்றால் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும்.' குறித்துக்கொள்ளுங்கள்: 'நான் தேவியைவிட உயர்ந்தவள்' என்று அவள் சொல்லவில்லை. தன் தொழிலைத் தானே கற்றதாகச் சொல்கிறாள். தேவிக்குச் சேரவேண்டிய நன்றியை மறுப்பதுதான் இங்கே குற்றம்.

கேட்டவர். அதீனா கிழவி வேடத்தில் வந்து, மனிதர்களுக்குள் பேரெடு, தேவியிடம் மன்னிப்புக் கேள் என்று புத்தி சொல்கிறாள். 'வயசானதால் புத்தி கெட்டுவிட்டது, இதையெல்லாம் உன் மருமகளிடம் போய்ச் சொல்' என்ற தொனியில் பதில் வருகிறது. வேடம் கலைகிறது. சுற்றியிருந்த பெண்கள் விழுந்து வணங்க, அராக்னே மட்டும் அசையவில்லை. ஆனால் அவள் முகம் ஒரு கணம் சிவந்து பிறகு வெளிறுகிறது. விடியலில் வானம் சிவந்து சூரியன் ஏறியதும் வெளுப்பதைப்போல என்கிறார் ஓவிட். இந்த இரண்டு மூன்று வரிகளைச் சுருக்கங்கள் எல்லாம் வெட்டிவிடுகின்றன. போனால் அவள் வெறும் திமிர் பிடித்தவளாகிவிடுவாள்.

அடுத்து நெசவு. இங்கே வேகத்தைக் குறையுங்கள். இரண்டு தறி, பாவு இழுத்துக் கட்டியாயிற்று, ஊடை ஓடுகிறது. நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறுவது வானவில்போல, எந்த இடத்தில் மாறியது என்று கண்ணுக்குத் தெரியாமல். அதீனாவின் துணியில் நடுவே, ஏதென்ஸ் நகரம் யாருக்கு என்று பொசைடனோடு நடந்த வழக்கு. நான்கு மூலையிலும் தெய்வங்களோடு மோதி உருவிழந்தவர்களின் நான்கு காட்சிகள். கரையில் ஒலிவ இலை. எல்லாம் நடுவிலிருந்து அளந்து போட்டதுபோல ஒழுங்கு. அராக்னேயின் துணியில் நடுவும் இல்லை, மூலையும் இல்லை. எருதாகி யூரோப்பாவைத் தூக்கிப்போகும் ஜீயஸில் தொடங்கி, வேடம் போட்டுப் பெண்களை ஏமாற்றிய தெய்வங்களின் 21 காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக. எண்ணிப் பாருங்கள்: ஜீயஸ் 9, பொசைடன் 6, அப்பல்லோ 4, டயோனிசஸ் 1, ஜீயஸின் தகப்பனான சாட்டர்ன் 1.

தண்டனை. அந்தத் துணியில் அதீனாவாலும் குறை காண முடியவில்லை, பொறாமையே வந்து பார்த்தாலும் முடியாது என்று ஓவிட் வெளிப்படையாக எழுதுகிறார் (6.129). தேவி தோற்றாள் என்று சொல்லவில்லை. ஜெயித்தாள் என்றும் சொல்லவில்லை. அவள் துணியைக் கிழித்தெறிந்து, கையிலிருந்த தறி நாடாவால் (ஊடை நூலை ஓட்டும் மரக்கட்டை) அராக்னேயின் நெற்றியில் மூன்று நான்கு முறை அடிக்கிறாள். தண்டனை இதுதான். அவமானம் தாங்காமல் அராக்னே கயிற்றில் தொங்குகிறாள். அப்போது தேவிக்கு இரக்கம் வந்து, அவளைத் தாங்கிப்பிடித்து, 'உயிரோடு இரு, ஆனால் தொங்கிக்கொண்டே இரு' என்கிறாள். மூலிகைச் சாறு பட்டதும் முதலில் முடி உதிர்கிறது, பிறகு மூக்கு, காது, தலை சுருங்குகிறது, விரல்கள் விலாவில் கால்களாக ஒட்டிக்கொள்கின்றன, மீதியெல்லாம் வயிறு.

மிச்சம். நெசவு. தொங்குவதும்தான்.

தாளில் தண்டனையையும் உருமாற்றத்தையும் ஒரே பத்தியில் எழுதியிருந்தால் அடித்துவிட்டு, உருமாற்றத்துக்கு ஐந்தாவதாக ஒரு பத்தி போட்டுத் திரும்ப எழுதுங்கள். இந்தக் கதையில் அவை இரண்டும் வேறு. உருமாற்றம் இங்கே கருணையா, கொடுமையின் நீட்சியா என்ற வாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. இரண்டுக்கும் வரிகளில் ஆதாரம் இருக்கிறது.

இரண்டாவது பயிற்சி: நியோபி

இந்தக் கதை 'லிடியா முழுக்க இதே பேச்சு' என்று தொடங்குகிறது. நியோபிக்குக் கலியாணத்துக்கு முன்பே அராக்னேயைத் தெரியும் என்று 6.148-இல் வருகிறது. ஓவிட் கதைகளை வரிசைப்படுத்தும் முறைக்கு இது நல்ல மாதிரி.

தீப்ஸ் நகரத்துப் பெண்கள், அப்பல்லோவுக்கும் ஆர்ட்டெமிஸுக்கும் தாயான லீட்டோவுக்குச் சாம்பிராணி இட்டு வழிபடுகிறார்கள். நியோபி நடுவே வந்து நிறுத்துகிறாள். என் அப்பா டாண்டலஸ் தெய்வங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர், என் தாத்தா ஜீயஸ், எனக்கு ஏழு மகன், ஏழு மகள். லீட்டோவுக்கு இரண்டே பிள்ளை, என் பிள்ளைகளில் ஏழில் ஒரு பங்கு. விதியால் என்னைத் தொடவே முடியாது. பெண்கள் மாலையைக் கழற்றிவிட்டுக் கலைகிறார்கள். ஹூப்ரிஸுக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டுக் கிடைப்பது கடினம்: அவள் மனத்தில் நினைத்ததோடு நிற்கவில்லை, ஊர் நடுவே ஒரு பூசையையே நிறுத்திவிட்டாள். லீட்டோ தன் பிள்ளைகளிடம் முறையிடுகிறாள். அப்பல்லோவின் அம்புகளுக்கு ஏழு மகன்களும் பலி. கணவன் ஆம்ஃபியோன் தற்கொலை. அப்போதும் நியோபி, 'இத்தனை சாவுக்குப் பிறகும் நான்தான் ஜெயிக்கிறேன்' என்கிறாள். அம்பு திரும்பப் பறக்கிறது. கடைசி மகளை உடம்பால் மூடிக்கொண்டு, 'ஒன்றையாவது விடு, ரொம்பச் சின்னவள்' என்று கேட்கும்போதே அவளும் விழுகிறாள்.

கல்லாவதை ஓவிட் வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோகிறார். காற்றில் முடி அசையவில்லை. முகத்தில் ரத்தமில்லை, கண் நிலைகுத்தியிருக்கிறது. நாக்கு அண்ணத்தோடு ஒட்டி உறைகிறது. கழுத்து வளையாது, கை அசையாது. கடைசியில் குடலும் கல். ஆனாலும் அழுகிறாள்.

இப்போது முக்கியமான வேலை: இதே கதையின் மற்ற இரண்டு வடிவங்களை அருகில் வைத்துப் படிப்பது.

ஹோமரின் இலியட் 24.602–617. மகன் ஹெக்டரின் உடலைக் கேட்டு வந்த கிழவர் பிரியாமிடம் அக்கிலீஸ் சொல்லும் கதை. பிள்ளைகள் 12 பேர். ஒன்பது நாள் பிணங்கள் ரத்தத்தில் கிடந்தன. புதைக்க ஆளில்லை, ஜீயஸ் ஊர்மக்களைக் கல்லாக்கிவிட்டார். பத்தாம் நாள் தெய்வங்களே புதைத்தார்கள். அழுது களைத்த நியோபி சாப்பாட்டை நினைத்தாள். அதனால் நீங்களும் கொஞ்சம் சாப்பிடுங்கள் என்கிறான் அக்கிலீஸ். அவள் கல்லாகிச் சிபிலஸ் மலையில் இருப்பதாக வரும் கடைசி நான்கு வரிகள் ஹோமருடையதுதானா என்று பழங்கால உரையாசிரியர்களே சந்தேகப்பட்டார்கள்.

அப்பல்லோடோரஸ் 3.5.6. இங்கே நியோபி தீப்ஸைவிட்டுத் தகப்பன் ஊரான சிபிலஸுக்குப் போய், ஜீயஸிடம் வேண்டிக் கல்லாகிறாள். அவளே கேட்டுப் பெற்ற மாற்றம்!

ஒரே பெண், ஒரே கல். ஒரு இடத்தில் துக்கத்திலிருப்பவரைச் சாப்பிடவைக்கும் ஆறுதல், இன்னொரு இடத்தில் வேண்டிப் பெற்ற வரம், ஓவிடிடம் கொஞ்சம் கொஞ்சமாக உறையும் உடம்பு. 'நியோபி கதையின் நீதி' என்று ஒருமையில் யாராவது சொன்னால், எந்த நூலில் என்று கேளுங்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையே ஒரு துப்பு: 12 என்றால் ஹோமர் வழி, 14 என்றால் பெரும்பாலும் ஓவிட் அல்லது அப்பல்லோடோரஸ், 20 என்றால் பழைய கிரேக்கக் கவிஞர் ஹீசியட் சொன்னதாக அப்பல்லோடோரஸ் குறிப்பது.

அடுத்த இரண்டு கதைகள்

லிசியா விவசாயிகள் கதை சின்னது, கொஞ்சம் சிரிப்பும் உண்டு. கைக்குழந்தைகளோடு தாகத்தில் வரும் லீட்டோவைக் குளத்துத் தண்ணீர் குடிக்கவிடாமல் குதித்துச் சேற்றைக் கலக்குகிறார்கள்; தவளையாகிறார்கள். லத்தீன் தெரியாவிட்டாலும் 6.376-ஐ வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். 'சுப் அக்வா, சுப் அக்வா' என்று வரியே கத்தும். தண்ணீருக்கடியில் போயும் திட்டுவதை விடவில்லை என்பதுதான் மிச்சம்.

மார்சியஸ் கதையில் மொழிபெயர்ப்பு ஒரு பள்ளம். மார்சியஸ் ஒரு சாட்டிர், அதாவது காட்டில் திரியும் வனதேவன். அவன் ஊதிய ஆவ்லோஸை 'புல்லாங்குழல்' என்று எழுதிவிடுகிறார்கள். அது இரட்டைக் குழல். நாதஸ்வரத்தில் சீவாளி வைப்பதுபோல வாய்ப்பக்கம் நாணல் வைத்து ஊதுவது. ஊதும்போது கன்னம் உப்பும். அழகு கெடுகிறது என்று அதீனா தூக்கியெறிந்ததை மார்சியஸ் எடுத்தான் என்ற பழங்கதை, புல்லாங்குழல் என்று வைத்துக்கொண்டால் புரியவே புரியாது. அப்பல்லோவிடம் போட்டியிட்டுத் தோற்று உயிரோடு தோலுரிக்கப்படுகிறான். நதியாவது அவன் உடம்பு என்று பலர் எழுதுகிறார்கள். ஓவிடிடம் அவனுக்காக அழுதவர்களின் கண்ணீர்தான் நதியாகிறது. அந்தத் தோல் ஃப்ரிஜியாவில் கெலேனே நகரத்தில் தொங்கியதாக வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் (7.26) குறிப்பிடுகிறார்.

எங்கே தவறுவோம்

இந்த நான்கையும் முடித்ததும் ஒரு வியாதி தொற்றும்: எந்த உருமாற்றத்தைப் பார்த்தாலும் 'செருக்கு' என்று சீட்டு ஒட்டுவது. டாஃப்னே மரமானது அப்பல்லோவிடமிருந்து தப்பிக்க. பாவ்சிஸும் ஃபிலமோனும் மரமானது பரிசாக. ஆக்டியோன் மானானது டயானா குளிப்பதைத் தற்செயலாகப் பார்த்ததால், அது அவன் குற்றமில்லை, கெட்ட நேரம் என்று ஓவிட் கதை தொடங்கும்போதே சொல்லிவிடுகிறார் (3.141). ஆனால் யூரிப்பிடிஸின் 'பாக்கே' நாடகத்தில், வேட்டையில் ஆர்ட்டெமிஸைவிட நானே மேல் என்று ஆக்டியோன் பீற்றிக்கொண்டதால் செத்தான் என்று வருகிறது. இதற்கு நேர்மாறாக ஆல்சியோனி கதை: அப்பல்லோடோரஸில் (1.7.4) கணவனும் மனைவியும் தங்களை ஜீயஸ், ஹீரா என்று அழைத்துக்கொண்டதற்காகப் பறவைகளாகிறார்கள், ஓவிடின் 11-ஆம் காண்டத்தில் அந்தத் திமிரின் சுவடே இல்லை, கடலில் மாண்ட கணவனைத் தேடும் மனைவியும் அவர்கள்மேல் இரங்கிய தெய்வங்களும்தான். செருக்கு என்பது கதையோடு ஒட்டிப் பிறந்ததல்ல. ஆசிரியருக்கு வேண்டுமானால் சேர்த்துக்கொள்வார், வேண்டாமானால் கழற்றிவிடுவார்.

மெடூசாவிடம் கூடுதல் கவனம் வேண்டும். ஹீசியடிடம் அவள் பிறப்பிலேயே கோர்கன் என்ற அரக்கி, உருமாற்றமே கிடையாது. ஓவிடிடம் (4.794–803) அதீனாவின் கோயிலில் நெப்டியூன் அவளைப் பலவந்தம் செய்கிறான், தண்டனை அவளுக்கு. அழகில் அதீனாவோடு ஒப்பிட்டுக்கொண்டாள் என்பது அப்பல்லோடோரஸ் (2.4.3) 'சிலர் சொல்வது' என்று போகிறபோக்கில் தரும் செய்தி. இணையத்தில் மூன்றையும் ஒரே கதையாகக் குழைத்துப் பரிமாறுகிறார்கள்.

தமிழ் வாசகர்கள் தடுமாறும் இன்னொரு இடம் சாபவிமோசனம். அகலிகை கதை கேட்டு வளர்ந்த காதுக்கு, கல்லானவள் என்றாவது பெண்ணாவாள் என்ற எதிர்பார்ப்பு தானாக வரும். ஓவிடிடம் பசுவான அயோ திரும்பப் பெண்ணாவதுபோல விதிவிலக்குகள் சில உண்டு. செருக்குக் கதைகளில் மீட்பு இல்லை. 'சாபம்' என்ற சொல்லையே குறிப்பெடுக்கும்போது தவிர்த்து 'மாற்றம்' என்று எழுதினால், இல்லாத விமோசனத்தைத் தேடிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

அடுத்துப் படிக்க

5-ஆம் காண்டத்தின் பின்பாதியில் பியெரஸின் ஒன்பது மகள்கள் மியூஸ் தேவியரோடு பாட்டுப் போட்டி வைத்து, மேக்பை என்ற வாயாடிப் பறவைகளாகிறார்கள். அவர்கள் பாட்டை நாம் கேட்பது எதிர்க்கட்சியான மியூஸ் ஒருத்தி சுருக்கிச் சொல்லித்தான் என்பதை மறக்காமல் படியுங்கள். பிறகு 3-ஆம் காண்டத்தில் நார்சிசஸ் (339–510). அதற்கப்புறம் 11-இல் மைடாஸின் கழுதைக் காது. ஆந்தோனினஸை கடைசிக்கு வையுங்கள். தகவல் நிறைய, ருசி குறைவு.

படம் பார்க்க விரும்பினால், பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நியோபியின் பிள்ளைகள் அம்புபட்டு விழும் காட்சி தீட்டிய கலயம் இருக்கிறது, கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது, இத்தாலியில் ஓர்வியேட்டோவில் கிடைத்தது. மாட்ரிடின் பிராடோவில் வெலாஸ்கெஸ் வரைந்த நூற்கும் பெண்கள் ஓவியத்தின் பின்புறச் சுவரில் அராக்னேயின் துணி தொங்கும். அதிலுள்ள யூரோப்பா, டிஷியன் வரைந்த படத்தின் நகல்.

துருக்கிப் பக்கம் போகிறவர்கள் மனிசா நகரத்தில் இறங்கினால் நியோபியையே பார்க்கலாம். பழைய சிபிலஸ்தான் இன்றைய ஸ்பில் மலை. அங்கே 'அழும் பாறை' என்று கேட்க வேண்டும். சில கிலோமீட்டர் தள்ளி ஆக்பினாரில் பாறையில் செதுக்கிய ஒரு பெரிய தாய்த்தெய்வ உருவமும் உண்டு. பழைய பயணிகள் பலர் அதையே நியோபி என்று எழுதிவைத்துவிட்டார்கள். அது மனிதர் செதுக்கியது, கிரேக்கருக்கு முந்தையது. அழும் பாறை இயற்கையானது. கிட்டே போய் நிற்க வேண்டாம். 2-ஆம் நூற்றாண்டில் மலையேறிப் பார்த்த பவுசானியஸ் (1.21.3) எழுதியிருக்கிறார்: பக்கத்தில் போனால் வெறும் செங்குத்துப் பாறை, பெண்ணுமில்லை அழுகையுமில்லை, விலகி நின்று பார்த்தால் தலைகுனிந்து அழும் ஒருத்தி தெரிவாள்.